சாகசமும் குடும்பமும் உயிராக இருந்த உழைப்பாளி அப்பாவைப் பற்றி எப்படி எழுதுவது?

கேள்வி: அப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். விடுமுறை கிடைத்தால் மலையேற்றம், நெடுந்தூர பைக் பயணம். குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். நினைவுக் கூட்டத்தில் வாசிக்கவும், பேரப்பிள்ளைகளுக்கு வைத்துக்கொடுக்கவும் ஒரு கட்டுரை வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: வேலை, சாகசம், குடும்பம் என்று மூன்று பகுதியாகப் பிரிக்காதீர்கள். பிரித்தால் "கடுமையான உழைப்பாளி, துணிச்சலானவர், பாசமானவர்" என்று எல்லோருக்கும் பொருந்தும் புகழுரைதான் மிஞ்சும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரிடம் இருந்தது கொஞ்சம் விடுப்பும் கொஞ்சம் மிச்சப் பணமும்தான். மலைக்கும் வீட்டுக்கும் அதிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். எதற்கு எவ்வளவு கொடுத்தார், எதற்காக எதை விட்டார் என்று தேடுங்கள். அப்பா அங்கேதான் இருக்கிறார்.

முதல் வேலையாக, அவருடைய நாற்பது வயதுவாக்கில் ஒரு சாதாரண வாரத்தை ஒரே தாளில் எழுதுங்கள். எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குக் கிளம்புவார், பையில் என்ன இருக்கும், வந்ததும் முதலில் என்ன செய்வார், ஞாயிற்றுக்கிழமை வண்டியை யார் துடைப்பார்கள். நிரப்ப முடியாத கட்டங்கள்தான் நீங்கள் பிறரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

கேட்கும்போது அம்மா, சித்தப்பா, கூட வேலை பார்த்தவர், பயணத் துணை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். கூட்டமாக உட்கார்ந்தால் குரல் ஓங்கியவரின் ஞாபகமே எல்லோருடைய ஞாபகமாகிவிடும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். மின்விசிறியை அணைத்து, பேச்சைப் பதிவு செய்யும் போனை, பேசுகிறவருக்கு ஒரு கை தூரத்தில் துணி விரித்து வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் பதிவாகும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்றால் "தங்கமான மனுஷன்" என்றுதான் பதில் வரும். அவருடைய ஸ்பேனரையோ பழைய மலையேற்றக் காலணியையோ கையில் கொடுத்து, "இதை எப்படி வைத்திருப்பார்?" என்று கேளுங்கள்.

ஆண்டுக் கணக்கில் ஞாபகத்தை நம்ப வேண்டாம். "எந்த வருஷம்?" என்பதைவிட "சின்னவன் பிறப்பதற்கு முன்னாலா, பின்னாலா?" என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும். பிறகு சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரை, பயணச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். வண்டியின் சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் இருந்தால் பொக்கிஷம்: இரண்டு பில்லுக்கு நடுவே வண்டி எவ்வளவு ஓடியது என்பது ஒரு கழித்தல் கணக்கு.

சிறிய புகைப்படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில்) ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்த்தால் கிழியும். பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்வதே நல்லது. படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். உறவினர்கள் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரமும் குறையும், எடுத்த தேதி போன்ற தகவலும் போய்விடும்.

சாகசத்தை எழுதும்போது பலரும் உச்சியைத் தொட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் பாதியில் திரும்பிய பயணம் ஒன்று இருக்கும், அதைக் கட்டாயம் எழுதுங்கள். எதைப் பார்த்துத் திரும்பினார், கூட யார் இருந்தார்கள், வீட்டுக்கு எப்போது தகவல் சொன்னார், அதுவரை அம்மா என்ன செய்துகொண்டிருந்தார். துணிச்சலும் குடும்பமும் ஒரே இடத்தில் தெரிவது அங்கேதான். அவர் இல்லாத நாட்களில் வீட்டைத் தாங்கியவரின் பெயரும் வர வேண்டும். அதை விட்டுவிடுவது அநியாயம். கோபம், கடன் போன்றவற்றைத் தொடுவதா என்பதை அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் குறையே இல்லாத மனிதராக எழுதினால் பேரப்பிள்ளைகளால் நம்ப முடியாது.

பொதுவில் வெளியிடும் வடிவத்தில் முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி, அடையாள எண்கள் வேண்டாம். மறைந்தவர் பெயரில் மோசடி செய்ய அவை போதும். வீட்டில் வைக்கும் பிரதியில் எல்லாம் இருக்கட்டும். அதை மூன்றாக வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று.

கூட்டத்தில் வாசிக்க ஐந்து நிமிடம் போதும். கடிகாரத்தை வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மனதுக்குள் படிக்கும் வேகம் ஏமாற்றும். உறவினர் பட்டியல் அச்சில் இருக்கட்டும், வாசிக்க வேண்டாம். எழுத்தைப் பெரிதாக, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, பக்க எண் போடுங்கள். இன்னொரு பிரதியை உடன்பிறந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தொண்டை அடைத்தால் அந்த வரியிலிருந்து அவர் தொடரட்டும்.