வடசென்னை ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸும் நோயாளியும் பேசுவதை ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்ய முடியுமா? ரெக்கார்டரைப் பார்த்தால் இயல்பாகப் பேசுவார்களா?

முடியும். நோயாளிகள் இயல்பாகவும் பேசுவார்கள். வலி, டிஸ்சார்ஜ் எப்போது என்கிற கவலை, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் என்று அவர்களுக்கு ஆயிரம் இருப்பதால், ரெக்கார்டரைச் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். கடைசி வரை அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பவர் நர்ஸ்தான். எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காகக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நோயாளியிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது என்றுதான் நிறையக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது சுலபமான பாதி.

நான் நர்ஸ் இல்லை. மொழியியல் படித்தவன். வண்ணாரப்பேட்டைக்காரன், இந்தப் பக்கத்துப் பேச்சு பழக்கம் என்பதால் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் (பெயர் வேண்டாமே) மெடிசின் வார்டிலும் சர்க்கரை நோய் ஓபியிலும் பதிவு செய்வதும், அதைக் கேட்டு எழுதுவதும் என் வேலை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான தேசிய நெறிமுறைகள்தான் அடிப்படை. ஆய்வு முறையானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் கிடைக்கும்வரை ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். ஸ்டான்லி மாதிரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீன் அனுமதியும் வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாநகராட்சி சுகாதாரத் துறையிடம் போக வேண்டும். படிக்கத் தெரியாத நோயாளி என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கைநாட்டு வாங்க வேண்டும். அவசரத்துக்கு வார்டு சிஸ்டரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கூடாது, பதிவாகும் பேச்சில் அவரும் பங்கெடுப்பவர். கமிட்டியில் மருத்துவத் துறையைச் சாராத பொது உறுப்பினர் ஒருவர் இருப்பார். தமிழ்ப் படிவத்தை வரி வரியாகப் படிப்பவர் பெரும்பாலும் அவர்தான். "தங்கள் உரையாடலானது ஒலிப்பதிவுக்கு உட்படுத்தப்படும்" என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். "நீங்க சிஸ்டர்கிட்ட பேசுறதை மிஷின்ல பதிவு பண்ணிக்குவோம். வேணாம்னா எப்ப வேணும்னாலும் சொல்லலாம், உங்க வைத்தியத்துல எதுவும் குறையாது" என்று எழுதினால் காசிமேட்டுக் கிழவிக்கும் புரியும், கமிட்டிக்கும் புரியும்.

இப்போது நர்ஸ் விஷயம். வழக்கமாக என்ன நடக்கும் என்றால், நர்சிங் சூப்பரின்டெண்ட் எல்லாரையும் டியூட்டி ரூமுக்குக் கூப்பிட்டு, "ரிசர்ச்சுக்கு வந்திருக்காங்க, கோஆப்பரேட் பண்ணுங்க. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். யார் கை தூக்குவார்கள்? அதிலும் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் ஒப்பந்தத்தில் வந்து, எப்போது நிரந்தரமாகும் என்று காத்திருக்கிற சிஸ்டர் தூக்குவாரா? எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதை நான் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். மறுத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஒப்புக்கொள்கிறவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று அந்த 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. நோயாளிகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

அவர்களுடைய பயம் நியாயமானது. வார்டில் யாரோ செல்போனில் எடுத்த அரை நிமிட வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி, மறுநாள் மெமோ வரும் காலம் இது. "இந்த ரெக்கார்டிங் யார் கைக்குப் போகும்?" என்பதுதான் ஒவ்வொரு சிஸ்டரும் மனதுக்குள் கேட்கும் கேள்வி. அதற்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். நர்ஸின் மேலதிகாரி யாருக்கும் பதிவோ அதன் எழுத்து வடிவமோ தரப்படாது என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி, கமிட்டியிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எங்களிடம் ஒருநாள் ஒரு மேலதிகாரி சிரித்துக்கொண்டே, "எங்கே, நேத்து எடுத்ததைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்றார். கமிட்டிக் கடிதத்தைக் காட்டினோம். முகம் சுருங்கியது, ஆனால் விட்டுவிட்டார். அந்தக் கடிதம் இல்லாமல் அவரிடம் முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வந்திருக்காது. அந்தச் செய்தி வார்டுக்குள் பரவிய பிறகுதான் சிஸ்டர்கள் எங்களிடம் டீ குடிக்கவே வந்தார்கள்.

நர்ஸ்களைத் தனித்தனியாக, வார்டுக்கு வெளியே பாருங்கள். படிவத்தை மூடிய உறையில் வாங்குங்கள். யார் மறுத்தார் என்பது ஆய்வாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ரெக்கார்டரை நிறுத்தும் பட்டன் அவர்கள் கைக்கு எட்டட்டும். டியூட்டி முடிந்ததும் "இன்னிக்கு உள்ளதை அழிச்சிடுங்க" என்றால் காரணம் கேட்காமல் அழித்துவிடுங்கள். ஆரம்ப நாட்களில் எடுத்ததை ஆய்வில் சேர்க்காமல் விடுவதும் வழக்கம்தான், எல்லாரும் மிஷினுக்குப் பழகட்டும் என்று. யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய அவர்களைக் கவனித்தே ஆக வேண்டியிருக்கிறது என்ற சிக்கலை அமெரிக்க மொழியியலாளர் லேபவ் 1972-லேயே எழுதிவிட்டார். அது முழுதாகத் தீராது. ஆனால் காலை நேரத்தில் ஊசி, மாத்திரை, பிரஷர் என்று ஓடுகிற சிஸ்டருக்கு ரொம்ப நேரம் நடிக்க முடியாது.

இவ்வளவு பாடுபட்டுப் பதிவு எதற்கு, கேள்வித்தாள் கொடுத்தால் போதாதா என்று உங்கள் கைடு கேட்கக்கூடும். 1984-இல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளின் பதிவுகளைக் கேட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்ல ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடிகளில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். "நான் நோயாளியைப் பேசவே விடுவதில்லை" என்று எந்த டாக்டராவது கேள்வித்தாளில் எழுதுவாரா?

எங்கள் ஓபியில், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஓர் அம்மாவிடம் சிஸ்டர் பேசியதில் ஒரு துண்டைப் பாருங்கள். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அடைப்பில் இருக்கும் எண் மௌனம், நொடிக் கணக்கில்.

சிஸ்டர்: ராத்திரிக்கு எவ்ளோமா போட்டுக்கிறீங்க?
அம்மா: இருவது.
மகள்: கரெக்டா இருவது சிஸ்டர், நான்தான் போட்டு வுடுறேன்.
(1.4)
சிஸ்டர்: எங்க, நேத்து எடுத்த மாதிரியே இப்ப எடுத்துக் காட்டு.
(பிளாஸ்டிக் உறை பிரிக்கும் சத்தம்)
சிஸ்டர்: மூடி ஆரஞ்சா இருக்கே. யாரு குடுத்தது இத?
மகள்: மெடிக்கல்ல. செகப்பு இல்லன்னுட்டாங்க.
(2.0)
பக்கத்து பெஞ்ச் ஆயா: எனக்கும் அதான் குடுத்தான்.

இன்சுலின் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் பகீரென்றிருக்கும். அந்த அம்மாவிடம் இருந்தது மில்லிக்கு 40 யூனிட் பாட்டில், அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான் போட வேண்டும். ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கு. அதில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு அங்கேயே விடை. இதுவே தலைகீழாக நடந்திருந்தால், 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்திருந்தால், இரண்டரை மடங்கு போய் மயங்கியே விழுந்திருக்கலாம். அந்த சிஸ்டர் "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தால் மகள் "புரிஞ்சுது" என்று சொல்லியிருப்பாள். எடுத்துக் காட்டச் சொன்னார், அதில் மாட்டியது. எந்த கேள்வித்தாளிலும் இந்த 1.4 நொடி வராது. ஆனால் மூடியின் நிறம் ஒலிப்பதிவில் தெரியாது என்பதையும் கவனியுங்கள். சிஸ்டர் வாய்விட்டுச் சொன்னதால் தப்பித்தோம். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

அந்த ஆயா பேசினாரே, அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கவில்லை. நம் ஊர் வார்டில் நர்ஸும் நோயாளியும் மட்டும் பேசுவது என்று ஒன்று கிடையவே கிடையாது. மாமியார் பேசுவார், எதிர்க் கட்டில் அண்ணன் பதில் சொல்வார், சாப்பாடு கொண்டுவந்த மச்சான் சண்டை பிடிப்பான். இரண்டு பேருக்கான படிவத்தோடு போனால் முதல் நாளே திணறுவீர்கள். பதிவு நடக்கிறது என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தோம், அப்புறம் உடனிருப்பவர்களிடமும் சம்மதம் வாங்கினோம். வாங்க முடியாத குரலை எழுத்தில் "வேறொருவர்" என்று மட்டும் குறித்து, பேச்சை விட்டுவிட்டோம். ஆயா நல்லவேளையாக அன்றே கையெழுத்துப் போட்டார், போட்டு முடித்து "டி.வி.ல வருமா?" என்றார். எச்.ஐ.வி. பற்றிய பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியிட முடியாது. அந்தப் பேச்சில் நோயாளி மட்டுமல்ல, அவர் கணவரின் நிலையும் சேர்ந்தே வெளிவரும்.

பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். காசிமேட்டில் மீன்பிடி போட்டின் பெயரைச் சொன்னால் போதும், ஆள் யாரென்று ஏலக்கூடம் முழுக்கத் தெரியும். தெரு, போட்டு, பிள்ளை படிக்கும் ஸ்கூல், சிஸ்டரின் சொந்த ஊர் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கருவி பற்றி இரண்டு வார்த்தை. செல்போன் வேண்டாம், பதிவானதைத் தானாகவே இணையத்தில் எங்கோ ஏற்றிவிடக்கூடும். தனி ரெக்கார்டர் வாங்கி, கீழே மடித்த கைக்குட்டை போட்டு வையுங்கள், இரும்பு லாக்கரின் அதிர்வு குறையும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சுருக்காத வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 300 எம்.பி.க்கு மேல் வரும், அன்றன்றைக்குப் பாஸ்வேர்டு போட்ட டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு ரெக்கார்டரில் உள்ளதை அழித்துவிடுங்கள். எழுதும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். ஒரு மணி நேரப் பதிவை மௌனம் உட்பட எழுத ஒரு முழு நாள் கூடப் போதாது.

கமிட்டிக்குப் போகும் முன் இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது தப்பான டோஸ் ஒன்று காதில் விழுந்தால் யாரிடம் சொல்வீர்கள்? நாங்கள் டியூட்டி டாக்டரிடம், நோயாளியின் பிரச்சினையை மட்டும், எந்த சிஸ்டர் என்று சொல்லாமல் சொல்வதாக எழுதிக் கொடுத்தோம். சிஸ்டர்களிடம் சம்மதம் கேட்கும்போதே அதையும் சொன்னோம். அதைக் கேட்டு இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், வார்டை விட்டுவிட்டு ஓபியில் இன்சுலின் போடச் சொல்லித்தரும் அறையில் ஆரம்பியுங்கள். கதவு இருக்கும், பேச்சுக்கு ஆரம்பமும் முடிவும் இருக்கும், அந்த சிஸ்டரும் அடிக்கடி மாற மாட்டார்.