தூர்வாரிய ஏரிக்கு ரூபாய்க் கணக்கு

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் 30,000 கனமீட்டர் வண்டல் எடுத்திருக்கிறோம். அந்த இடத்தில் கூடுதலாக நிற்கும் நீரை லாரித் தண்ணீர் விலையால் பெருக்கினால் ஆண்டுக்குப் பல லட்சம் லாபம் வருகிறது. அறிக்கையில் இதையே எழுதலாமா?
– வாசகர், மதுராந்தகம் வட்டம்

பதில்: வேண்டாம். லாரித் தண்ணீரின் விலையில் டீசலும் கூலியும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் நீர் போவது வயலுக்கு.

முதலில் ஏரி நீரை வயலுக்குத் திறந்துவிடும் மடையைப் பாருங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரி பாயும் வயல்களுக்கு, ஏறாது. அப்படி 10,000 கனமீட்டர் போனதாக வைத்துக்கொண்டால் மிச்சம் 20,000. ஆவியாகியும் வாய்க்காலில் கசிந்தும் போக, 60 சதவீதம் வயலை எட்டினால் 12,000. நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் வேண்டும், ஹெக்டேருக்கு அதே 12,000 கனமீட்டர். ஆக, ஏரி ஒருமுறை நிரம்பினால் கூடுதலாக விளைவது இரண்டரை ஏக்கர். வயலில் மழை பெய்தால் பரப்பு கூடும், ஏரி நிரம்பாத வருஷம் ஒன்றுமில்லை. கேட்க வருத்தமாக இருந்தாலும் கணக்கு இதுதான்.

நெல் விற்ற தொகையை அப்படியே எழுதாதீர்கள். விதை, உரம், கூலி கழித்ததை எழுதுங்கள். போன வருஷத்தோடும் ஒப்பிடாதீர்கள்; நல்ல மழை பெய்திருந்தால் அதன் பெருமையும் தூர்வாரலுக்கே போய்விடும். அதே மழை பெற்ற, தூர்வாராத பக்கத்து ஏரியோடு ஒப்பிடுங்கள்.

பள்ளத்து நீரும் வீணில்லை, கிணற்றுக்கு ஊறும். ஒரு கனமீட்டரை ஒரு மீட்டர் ஏற்ற, 40 சதவீதத் திறனுள்ள மோட்டாருக்குச் சுமார் 0.007 யூனிட் ஆகும். கிணற்று மட்டம் 5 மீட்டர் உயர்ந்தால், 12,000 கனமீட்டர் இறைக்கும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 410 யூனிட் மிச்சம். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இதைப் பூஜ்யமாகப் போட்டுவிடுகிறார்கள். விவசாயிக்குத்தான் இலவசம், மின்சாரம் தயாரிக்கும் செலவில் மதிப்பிடுங்கள்.

கேள்வி: ஏரிக்கு வரும் பறவைகளுக்கும் விலை போட முடியுமா?

பதில்: முடியும். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கொட்டியபின், பொருளியல் அறிஞர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான குழு 1993-ல் இதற்கு வழி சொன்னது. “எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டால் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார்கள். “பறவைகளைக் காக்க வீட்டுக்கு 200 ரூபாய் வரி என்றால் ஆதரிப்பீர்களா?” என்று கேளுங்கள், அடுத்த வீட்டில் 50, இன்னொன்றில் 500. ஆம், இல்லை மட்டும் குறியுங்கள். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது வேடந்தாங்கல் பக்கம் தெரிந்ததே. அந்த விளைச்சலை நெல் கணக்கில் சேர்த்திருந்தால் இங்கே மறுபடி சேர்க்காதீர்கள். நிலத்தின் விலை ஏறியதும் அப்படித்தான்: விளைச்சல் கூடியதால்தானே ஏறியது?