நாற்பத்தொரு டார்ச்சும் ஒரு செல்போன் வெளிச்சமும்

கேள்வி: எனக்கு வயது 44. ஆறு வருஷமாக டார்ச் லைட் சேர்க்கிறேன். இப்போது 41 இருக்கின்றன. கட்டைவிரல் அளவிலிருந்து முழங்கை நீளம் வரை, அலுமினியம், செம்பு, டைட்டானியம் எல்லாம் உண்டு. இதுவரை போட்ட பணத்தை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். நல்ல இருசக்கர வண்டியே வாங்கியிருக்கலாம். "தேவைப்பட்டால் விற்றுக் காசாக்கிவிடலாம்" என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கடைசியாக வாங்கிய மூன்றை மட்டும் அலுவலக முகவரிக்கு வரவழைத்தேன். போன மாதம் நான் வெளியூரில் இருந்தபோது இரவில் மின்சாரம் போய்விட்டது. மனைவி எடுத்த முதல் டார்ச் கண்ணைப் பறிப்பது போல அடித்ததாம். இரண்டாவது மினுக் மினுக்கென்று வெட்டிக்கொண்டே இருந்ததாம். மூன்றாவது எரியவே இல்லையாம். கடைசியில் செல்போன் வெளிச்சத்தில்தான் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறார். "இத்தனை இருந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார். இது பைத்தியமா? எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா? இன்னொன்று: என் முதல் டார்ச், இரண்டு பெரிய செல் போடும் பழைய தகர டார்ச், உள்ளே செல் கசிந்து கிடக்கிறது. அதற்கு எல்.இ.டி. பல்பு போடலாமா?

பதில்: 41 என்ற எண் என்னைக் கலவரப்படுத்தவில்லை. என்னிடமே 23 இருக்கின்றன, ஆகவே நான் நடுநிலையான நீதிபதியும் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை இரண்டு இடங்கள். ஒன்று அந்தச் செல்போன் வெளிச்சம். இன்னொன்று அலுவலக முகவரி.

செல்போன் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். அன்று என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முதல் டார்ச் கடைசியாக விட்ட அளவிலேயே மறுபடி எரியும் ரகம். நீங்கள் விட்டது டர்போவில், அதாவது உச்ச வெளிச்சத்தில். இரண்டாவதின் பட்டனைப் பதற்றத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தியிருப்பார், ஸ்ட்ரோப் என்ற வெட்டி வெட்டி மின்னும் வெளிச்சம் வந்திருக்கும். மூன்றாவது, பையில் தானாக எரியக் கூடாது என்று நீங்களே பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்ததாக இருக்கும். தளர்த்தி வைப்பது சரியான பழக்கம்தான். நான் அதை ஒருமுறை மறந்து, பேண்ட் பையில் ஒரு சின்ன டார்ச் தானாக எரிந்து, துணியில் பொத்தல் விழுந்தது. தொடையில் அடையாளம் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று ரகசியமும் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், அலமாரியில் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் டார்ச். மற்றவர்களுக்கு அது உலோகக் குழாய்.

அதனால் இந்த வாரமே நான்கு டார்ச்சைச் சேகரிப்பிலிருந்து பிரித்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டிலருகே ஒன்று, சமையலறையில் ஒன்று, வாசலில் ஒன்று, பிள்ளைகள் கைக்கு ஒன்று. உங்களிடம் இருப்பதிலேயே மிகச் சாதாரணமானவையாகப் பாருங்கள்: அழுத்தினால் எரிய வேண்டும், அழுத்தினால் அணைய வேண்டும், எரியும்போது மங்கலான அளவில் தொடங்க வேண்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழகிய கண்ணில் ஆயிரம் லுமென் (டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) அடித்தால் அவ்வளவும் ஒரு நொடியில் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்க்க ஒரு லுமென்கூட அதிகம். இந்த நான்கிலும் ஏஏ செல் போடும் ரகம் இருந்தால் இன்னும் நல்லது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லோ, மறுபடி ஏற்ற முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல்லோ போடுங்கள். ஆல்கலைன் வேண்டாம், கசியும். காரணத்தை உங்கள் தகர டார்ச்சே சொல்லும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இது பைத்தியமா என்று கேட்டீர்கள். டார்ச் சேர்க்காதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது குழாயை. நாம் பார்ப்பது ஒளிக்கற்றையை. வெளியே போய் ஒரு மரத்தின் மேல் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். ஆழமான, வழவழப்பான ரிஃப்ளெக்டர் (பல்பைச் சுற்றியுள்ள கண்ணாடிபோன்ற கிண்ணம்) ஒளியை ஒரு கம்பி போல இழுத்துக்கொண்டு போகும். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பானது அதையே மெத்தென்று பரப்பும். ஒரே எல்.இ.டி., ஒரே செல், ஆனால் இரண்டும் வேறு வேறு இரவுகள்.

அப்புறம் நிறம். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளே நீலம்தான். நீல எல்.இ.டி. மேல் பாஸ்பர் என்ற மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்தை உருவாக்கியதற்காகத்தான் 2014-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்தக் கலவையில் சிவப்பு குறைவு. மலிவான டார்ச்சில் நம் கை பிணத்தின் கை போலத் தெரிவது அதனால்தான். நிறங்களை எவ்வளவு அசலாகக் காட்டுகிறது என்று நூற்றுக்குப் போடும் மதிப்பெண்தான் சி.ஆர்.ஐ. அது 90-க்கு மேல் போகும் டார்ச்சுக்கு நீங்கள் கூடுதல் பணம் கொடுத்திருப்பீர்கள். கொடுத்தது வீணில்லை. அதை வைத்து இரவில் ஒரு செங்கல் சுவரைப் பார்த்தவர் பழைய டார்ச்சுக்குத் திரும்ப மாட்டார்.

லுமென் எண்ணுக்காகக் கொடுத்த பணம்தான் வீண். இதில் நானும் குற்றவாளி. நம் கண்ணுக்கு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் லுமென் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். 1000-லிருந்து 1300-க்குப் போனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது. தூரத்துக்கும் இதே கணக்கு: இரண்டு மடங்கு தூரம் வேண்டுமானால் நான்கு மடங்கு கேண்டெலா, அதாவது ஒரே திசையில் குவியும் ஒளியின் வலு. பெட்டியில் போடும் "400 மீட்டர்" என்பது 0.25 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் விழும் தூரம், அதாவது முழு நிலா வெளிச்சம் அளவு. உருவம் ஏதோ இருக்கிறது என்று தெரியும், அது ஆடா ஆளா என்று தெரியாது. பாதி தூரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரன்டைம், அதாவது ஒருமுறை ஏற்றினால் எவ்வளவு நேரம் எரியும் என்ற கணக்கு, இன்னும் வேடிக்கை. டார்ச்சுகளை அளக்க ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்று ஒரு அமெரிக்கத் தரமுறை 2009-இல் வந்தது. அதன்படி, எரியவிட்டு 30 நொடி கழித்து இருக்கும் வெளிச்சம் அதில் 10 சதவீதமாகக் குறையும்வரை ஓடும் நேரம்தான் ரன்டைம். 4000 லுமென் டார்ச் ஒன்று சூடு தாங்காமல் ஓரிரு நிமிடத்தில் 800-க்கு இறங்கி, அப்படியே இரண்டரை மணி நேரம் ஓடினால், பெட்டியில் "4000 லுமென், இரண்டரை மணி நேரம்" என்று போடலாம். பொய் இல்லை. நாம்தான் இரண்டையும் பெருக்கிக்கொள்கிறோம். 1899-இல் டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் குழாய் வடிவ டார்ச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலச் செல்லால் தொடர்ந்து எரிக்க முடியாது, பளிச்சென்று அடித்து விட்டுவிட வேண்டும். டார்ச்சை அங்கே ஃப்ளாஷ்லைட் என்பார்கள், அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். 120 வருஷம் கழித்து டர்போ என்ற பெயரில் மறுபடி அங்கேயே வந்து நிற்கிறோம்.

டைட்டானியம் டார்ச் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அழகு. துருப்பிடிக்காது, கையில் பட்டாலே ஒரு சந்தோஷம். ஆனால் டைட்டானியம் கலவை, அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குகூடக் கடத்தாது. உள்ளே எல்.இ.டி. வெந்துகொண்டிருக்கும், வெளியே உங்கள் கைக்குத் தெரியாது. வெப்பத்துக்குச் செம்புதான் ராஜா, ஆனால் பையில் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே டைட்டானியத்தை நகை என்று ஒத்துக்கொண்டு வாங்குங்கள், தவறே இல்லை. அதிகம் உழைக்கும் என்று மனைவியிடம் நியாயம் மட்டும் சொல்லாதீர்கள்.

செலவில் மறைந்திருப்பது செல். நீங்கள் கூட்டிய கணக்கில் செல்லும் சார்ஜரும் சேர்ந்ததா என்று பாருங்கள். பெரும்பாலோர் சேர்ப்பதில்லை. இங்கே சிக்கனம் பார்க்கவும் கூடாது. இந்த டார்ச்சுகளில் அதிகம் போடும் லித்தியம் செல்லின் 18650 என்ற பெயருக்கு 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்று பொருள். அந்த அளவில் நல்ல செல் 3500 எம்.ஏ.எச். (செல் தேக்கும் மின்சாரத்தின் அளவு) பக்கம்தான் எட்டும். உறையில் 9900 என்று அச்சடித்த மலிவுச் செல் உங்களிடம் இருந்தால் தராசில் வையுங்கள். அசல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். நன்றாகக் குறைந்தால் அதை டார்ச்சில் போட வேண்டாம், பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டு செல்லை வரிசையாகப் போடும் டார்ச்சில் ஒன்று பழசு ஒன்று புதுசு என்று கலக்காதீர்கள். உதிரிச் செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள். 41 டார்ச்சிலும் செல்லை முழுக்க ஏற்றி வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். உபயோகிக்காதவற்றில் பாதி ஏற்றம் போதும், 3.7 வோல்ட் பக்கம், வெயில் படாத இடத்தில். முழு ஏற்றத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும் லித்தியம் செல் சீக்கிரம் கிழடாகும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உதிரிச் செல் பெட்டி அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. டார்ச்சைவிட அதுதான் ஆபத்து.

சரி, அலுவலக முகவரிக்கு வருவோம். அந்த மூன்று டார்ச்சின் விலை உங்களை நெருக்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒரு பார்வை கிடைக்கும், அதைத் தவிர்க்க நினைத்தீர்கள். பார்சல் எங்கே இருக்கிறது என்று தினம் நாலு தடவை பார்த்திருப்பீர்கள். வந்த அன்று இரவு இருபது நிமிடம் எரித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தேட ஆரம்பித்திருப்பீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மூன்றையும் வீட்டுக்குக் கொண்டு போய் மேசையில் வைத்து, "இதை ஒளித்துத்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்று கொஞ்சம் பேச்சு விழும். விழட்டும். அதற்குப் பிறகு மாதத்துக்கு இவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்குள் நீங்கள் செம்பு வாங்கினாலும் தகரம் வாங்கினாலும் அவர் கேட்க வேண்டியதில்லை, நீங்கள் ஒளிக்க வேண்டியதும் இல்லை. தொகை வைத்த பிறகும் ஒளிக்கத் தோன்றினால், அல்லது கடன் அட்டையில் ஏற ஆரம்பித்தால், அப்போது மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு நான் வேறு தொனியில் பதில் எழுத வேண்டியிருக்கும்.

"விற்றுக் காசாக்கிவிடலாம்" என்பதையும் அன்றே திருத்திச் சொல்லிவிடுங்கள். எல்.இ.டி. வருஷா வருஷம் முன்னேறுகிறது. நீங்கள் ஆறு வருஷத்துக்கு முன் வாங்கியதை இன்று யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள். குறைந்த எண்ணிக்கையில் செய்த சில ரகங்கள் விதிவிலக்கு, அவை உங்களிடம் இருந்தால் பெயரைப் பெருமையாக எழுதியிருப்பீர்கள். எல்லாவற்றையும் விற்கச் சொல்ல மாட்டேன். ஒரு இரவு 41-ஐயும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள், மனைவியும் வரட்டும். ஒவ்வொன்றாக அடியுங்கள். இரண்டு டார்ச்சுக்கு நடுவே அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, உங்களுக்கும் யோசித்துத்தான் சொல்ல முடிகிறது என்றால் அதில் ஒன்றைக் கொடுத்துவிடலாம். விலைக்கோ சும்மாவோ. இரவு வேலைக்குப் போகிற ஒரு ஆளிடம் கொடுத்தால் அதற்கு உண்மையான வாழ்க்கை கிடைக்கும். என் கணக்கில் இருபதுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்பீர்கள்.

இனி அந்தத் தகர டார்ச். எல்.இ.டி. போடாதீர்கள். சி.ஆர்.ஐ. 95, 97 என்று தேடி அலைகிறோம். அதில் இருக்கும் பழைய இழைப் பல்பின் சி.ஆர்.ஐ. கிட்டத்தட்ட 100. மங்கல்தான், மஞ்சள்தான், ஆனால் சிவப்பு முழுசாக இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு செல்லை வெளியே எடுங்கள். ஆல்கலைன் என்றால் வெள்ளையாகப் படிந்திருப்பது காரம், பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு மெல்லத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். பழைய கார்பன் செல் என்றால் கசிவு அமிலத் தன்மை கொண்டது, சமையல் சோடாவைக் குழைத்துத் தடவுங்கள். பிறகு ஈரத்துணி, பிறகு ஒருநாள் முழுக்கக் காயவிடுதல். ஸ்பிரிங்கையும் பல்பின் அடியையும் பொடி மணல்தாளால் பளபளப்பாகும்வரை தேயுங்கள். செல் போட்டு எரிந்தால், விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைக்குக் கீழே அதையும் இன்னொரு கைக்குக் கீழே உங்களிடம் இருக்கும் மிக விலை கூடிய டார்ச்சை மங்கலான அளவிலும் வைத்து, எந்தக் கை நல்ல சிவப்பு என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.