கெல்லி கிளார்க்சன் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தார்?

கேள்வி: டிவி பாட்டுப் போட்டியில் ஜெயிப்பவர்கள் பலர் ஓரிரு வருடத்தில் காணாமல் போகும்போது, அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சன் எப்படி இருபது வருடத்துக்கு மேல் நிலைத்தார்?

குரல்தான் காரணம் என்பார்கள். குரல் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல குரலோடு வந்து காணாமல் போனவர்களும் ஏராளம். என்னைக் கேட்டால், கெல்லியின் பிடிவாதத்துக்குத்தான் முதல் இடம்.

2002 செப்டம்பரில் 'அமெரிக்கன் ஐடல்' என்ற டிவி பாட்டுப் போட்டியின் முதல் சீசனை ஜெயித்தபோது அவருக்கு வயது 20. வாய்ப்புத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் போய், குடியிருந்த வீடு தீப்பிடித்து, டெக்சாஸில் இருக்கும் பர்ல்சனுக்கே திரும்பி வந்திருந்தவர். இறுதிச் சுற்றில் அழுகையோடு பாடிய 'எ மொமென்ட் லைக் திஸ்' அமெரிக்க ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 52-ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதலிடத்துக்குப் போனது. இப்படித் தாவியதில் பீட்டில்ஸ் இசைக்குழு 1964 முதல் வைத்திருந்த சாதனையே உடைந்தது. ஆனால் அந்த வேகம் பாதிக்கு மேல் நிகழ்ச்சியுடையது. அடுத்த வருடமே, இரண்டாமிடம் வந்த ஜஸ்டின் குவாரினியோடு அவரை ஜோடி சேர்த்து எடுத்த சினிமா சுத்தமாகப் படுத்துவிட்டது. இலவசமாக ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்க மாட்டார்கள் இல்லையா!

இன்னொரு சிக்கல், இந்தப் போட்டிகளில் பரிசே ஒலிப்பதிவு ஒப்பந்தம்தான். எந்த இசைக் கம்பெனி என்பதை ஜெயித்தவர் தேர்ந்தெடுப்பதில்லை. 'பிகாஸ் ஆஃப் யூ' கதையைப் பாருங்கள். அப்பா அம்மா பிரிந்ததைப் பற்றி 16 வயதில் கெல்லி எழுதிய பாட்டு. முதல் ஆல்பத்துக்குக் கொடுத்தார், தேறாது என்று ஒதுக்கிவிட்டார்கள். விடாமல் மெருகேற்றி 2004-இல் வந்த 'பிரேக்அவே' ஆல்பத்தில் சேர்த்தார். உலகம் முழுக்க ஹிட். அதே ஆல்பத்தின் 'சின்ஸ் யூ பீன் கான்' கிட்டார் இரைச்சலோடு வந்து 'ஐடல் பொண்ணு' என்ற முத்திரையைக் கழற்றி எறிந்தது. 2006-இல் இரண்டு கிராமி இசை விருதுகள்.

சரி, இனி சொன்னபடி கேட்பார் என்று பார்த்தால், 2007-இல் 'மை டிசம்பர்' ஆல்பத்துக்குப் பாட்டெல்லாம் நானே எழுதுவேன் என்று நின்றார். ஹிட் ஆகும் பாட்டு இதில் இல்லை என்றார் கம்பெனித் தலைவர் கிளைவ் டேவிஸ். சண்டை பத்திரிகை வரை போனது. டிக்கெட் விற்காமல் கச்சேரிப் பயணத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. விற்பனைக் கணக்கில் டேவிஸ் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தச் சண்டைக்குப் பிறகு அவரை யாரும் டிவி தயாரித்த பொம்மையாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அடுத்த ஆல்பத்தில் கொஞ்சம் இறங்கி வந்து, மற்றவர்கள் எழுதிய பாட்டையும் எடுத்துக்கொண்டார். 2009-இல் அதில் ஒன்று பில்போர்டில் 97-லிருந்து முதலிடத்துக்குத் தாவியது!

ஒப்பந்தம் முடிந்ததும் 2016-இல் அட்லாண்டிக் என்ற இசைக் கம்பெனிக்கு மாறினார். 2018-இல் 'தி வாய்ஸ்' என்ற இன்னொரு டிவி பாட்டுப் போட்டியில் பயிற்சியாளர், 2019-இல் சொந்தப் பேச்சு நிகழ்ச்சி. அதிலும் தொடக்கத்தில் யாராவது ஒருவருடைய பாட்டைப் பாடித்தான் ஆரம்பிப்பார். அந்தப் பகுதிக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு.

ஜஸ்டின் குவாரினி என்ன ஆனார் என்று யோசிப்பவர்களுக்கு: அவர் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குப் போய்விட்டார். டாக்டர் பெப்பர் குளிர்பான விளம்பரத்தில் பளபள உடையில் வந்த 'லில் ஸ்வீட்' கூட அவர்தான்.