பழைய ஆஸ்திரேலிய டீ-சர்ட்டின் வயதை லேபிளை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். துல்லியமான ஆண்டு கிடைப்பது அபூர்வம். 'இதற்கு முந்தையதாக இருக்க முடியாது' என்ற எல்லையைத்தான் லேபிள் பெரும்பாலும் தரும்.

முதலில் பிராண்டைப் பாருங்கள். ரிப் கர்ல் 1969-இல் தொடங்கியது, பில்லபாங் 1973-இல், மாம்போ 1984-இல். மாம்போ லேபிளை வைத்துக்கொண்டு 'எழுபதுகளின் சட்டை' என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஆஸ்திரேலியத் தயாரிப்பைக் குறிக்கும் சின்னமான, பச்சை முக்கோணத்துக்குள் தங்கநிறக் கங்காரு இருந்தால் 1986-க்குப் பிந்தையது. ஆனால் அந்தச் சின்னம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, அதனால் மேல்வரம்பு கிடைக்காது. ஏ.சி.என். என்ற நிறுவனப் பதிவெண் 1991-இல் வந்தது, ஏ.பி.என். என்ற வணிகப் பதிவெண் 2000-இல். மார்பளவு சென்டிமீட்டரில் இருந்தால், எழுபதுகளில் மெட்ரிக் முறை பரவிய பிறகு தைத்தது என்று கொள்ளலாம்.

'மேட் இன் ஆஸ்திரேலியா' என்பதை மட்டும் நம்பிப் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். இறக்குமதி வரி குறையக் குறையத் தையல் வேலை ஆசியாவுக்குப் போனது உண்மைதான். ஆனால் பாண்ட்ஸ் (Bonds) என்ற ஆஸ்திரேலிய உடை பிராண்டின் தாய் நிறுவனம் உள்நாட்டு ஆலைகளை மூடுவதாக அறிவித்ததே 2009-இல்தான்!

லேபிளைத் தைத்த நூலையும் கவனியுங்கள். வேறு சட்டையின் லேபிளைப் பிரித்து ஒட்டுத்தையல் போடுகிறவர்களும் உண்டு.