மனிதர்கள் வேலை செய்வது காசுக்காகவா, சந்தோசத்துக்காகவா?

காசுக்காகத்தான். இதை ஒத்துக்கொள்ள ஏன் இவ்வளவு பேர் வெட்கப்படுகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. இந்த மாதத்திலிருந்து சம்பளம் கிடையாது, ஆனால் வேலை நல்ல சுவாரசியமாக இருக்கும் என்று திருகோணமலையில் எந்த வேலைத்தலத்திலும் சொல்லிப் பாருங்கள், மறுநாள் காலையில் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். கட்டாரில் ஏசி பூட்டுகிற என் மச்சானிடம் போய் "உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கோ" என்று கேட்க எனக்கு வாய் வராது. எங்கள் ஒழுங்கையில் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் மட்டும் ஒருநாள் துணிந்து கேட்டேன், இதைச் செய்வதில் உங்களுக்கு ஏதும் சந்தோசம் இருக்கிறதா என்று. உரலைப் பிழிந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உனக்கு இண்டைக்குக் கந்தோர் இல்லையோ?"

சரி, பதில் அதுதான். ஆனாலும் கேள்வியை அங்கேயே விட எனக்கு மனமில்லை, காரணம் நான் பார்க்கிற உத்தியோகம். கேட்டவர் காசு ஒரு பக்கம், சந்தோசம் மறுபக்கம் என்று பிரித்து வைத்துவிட்டு எந்தப் பக்கம் என்கிறார். என் கந்தோரில் இருப்பது இந்த இரண்டுமே இல்லை.

2017இல் வடக்கு கிழக்கில் வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியோரத்தில் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தது ஞாபகம் இருக்கும். திருகோணமலையில் இருந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் 2020இல் நாடு முழுக்க ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுனராக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு, பயிற்சி முடிய நிரந்தர நியமனம். வீட்டில் பாற்சோறு பொங்கினார்கள். முதல் நாள் கந்தோருக்குப் போனால் மேசையை விட ஆட்கள் கூட. இருக்கிற உத்தியோகத்தர்களுக்கே வேலை காணாத இடத்தில் எங்களையும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எங்களுக்குக் கதிரை தேடுவதே அவர்களுக்கு ஒரு வேலையாகப் போயிற்று.

இப்போது நான் அங்கே செய்வது பெரும்பாலும் பட்டியல். வாழ்வாதார உதவிக்குத் தகுதியான குடும்பங்கள், கோழிக்குஞ்சு கேட்டவர்கள், தையல் மெசின் கேட்டவர்கள், இப்படி. ஒருமுறை ஒரே குடும்பம் இரண்டு விதமான எழுத்தில் இரண்டு தரம் வந்திருப்பதைக் கண்டுபிடித்து, பிறகு அப்படியே முழுப் பட்டியலையும் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தி, கணினியில் அழகாக ஏற்றி அனுப்பினேன். மேலே இருந்து ஒரு தொலைபேசி வந்தது: இது வேண்டாம், பழைய படிவத்தில் கையால் நிரப்பி அனுப்புங்கோ. நிரப்பி அனுப்பினேன், பழைய பிழைகளோடு கேட்டிருந்தால் பழைய பிழைகளோடும் அனுப்பியிருப்பேன். அந்தக் கோழிக்குஞ்சுகள் யார் வீட்டுக்காவது போய்ச் சேர்ந்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது சொல்லுங்கள், நான் காசுக்காகவா வேலை செய்கிறேன்? சம்பளம் மாதா மாதம் வங்கியில் விழுகிறது, உண்மை. ஆனால் அது வேலைக்காக விழுவதில்லை. காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் கைரேகை மெசினில் விரல் வைக்கிறேனே, அதற்காக விழுகிறது. பட்டியலைத் திருத்தியதற்குப் பத்து ரூபாய் கூடவில்லை, திருத்தாமல் விட்டிருந்தால் பத்து ரூபாய் குறைந்திருக்கப் போவதும் இல்லை. காசு அதன்பாட்டுக்கு வருகிறது, வேலை அதன்பாட்டுக்குக் கிடக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சொர்க்கம், கல்யாணத் தரகர்களுக்கு இன்னும் மேல். உள்ளே இருந்து பார்த்தால் ஆளை மெல்ல மெல்ல மந்தமாக்குகிற ஒன்று.

2022 பொருளாதார நெருக்கடியில் இதற்கு ஒரு பரீட்சையே நடந்தது. எரிபொருள் இல்லை, சாப்பாட்டுச் சாமான் விலை ஏறுகிறது, ஆகவே அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை, வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. சம்பளம் குறையாது, நேரம் கையில், மண்வெட்டியும் பின்வளவும் இருக்கிறது. எங்கள் கந்தோரில் எத்தனை பேர் கத்தரிக்கன்று நட்டார்கள் என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் பெற்றோல் வரிசையில், மீதிப் பேர் காஸ் வரிசையில் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் வரிசை குறைந்த பிறகும் நேரம் அப்படியே கிடந்து வீணாய்ப் போனது. ஒஸ்ரியாவில் மரியன்தால் என்று ஒரு ஊர், 1930ஐ ஒட்டி அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது மரி யகோடா என்ற சமூக உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் போய் ஆராய்ந்தார்கள். நேரம் தாராளம், நூலகத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் புத்தகம் எடுப்பது முன்பைவிடக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கிற வேகம்கூடக் குறைந்திருந்ததை நின்று அளந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, எங்களுக்கு இருந்தது, அது பெரிய வித்தியாசம். ஆனால் அந்த நடையை எங்கள் கந்தோர் விறாந்தையில் பத்து மணியளவில் வந்தால் பார்க்கலாம்.

இனி மறுபக்கம். என் மாமா உப்புவெளிப் பக்கத்தில் படகு இஞ்சின் திருத்துகிறார். சனிக்கிழமைகளில் நான் அங்கேதான். அம்மாவுக்கு இது பிடிக்காது, பட்டதாரிப் பிள்ளை கிறீஸ் கையோடு நிற்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குக் கவலை.

வருகிற இஞ்சின்களில் கனக்க மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், கரைக்குத் திரும்பும்போது நிறுத்துவதற்கு முன்னால் மறுபடியும் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட வேண்டும். பெற்றோல் விலைக்குப் பயந்து அதைச் செய்யாமல் விட்டால் மறுநாள் விடியக் கயிறு இழுத்து இழுத்துக் கை கழன்றுவிடும். அதைவிட அடிக்கடி வருவது சூடேறிப் போகிற இஞ்சின். ஓடும்போது பக்கத்தில் ஒரு சின்னத் துளையால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், அது நின்றுவிட்டால் உள்ளே குளிர்நீர் சுற்றவில்லை என்று அர்த்தம். மாமா முதலில் ஒரு மெல்லிய கம்பியை அந்தத் துளைக்குள் விட்டுப் பார்ப்பார், உப்புக் கட்டி என்றால் அதோடு சரி, காசும் வாங்கமாட்டார். இல்லையென்றால் கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும், உப்புப் பிடித்த போல்ட் இலேசில் அசையாது, எண்ணெய் விட்டுக் காத்திருந்து மெல்லத் தட்டித் தட்டித்தான் எடுக்கலாம், அவசரப்பட்டால் தலை முறியும். உள்ளே தண்ணீர் இறைக்கிற ரப்பர்ச் சக்கரம் இருக்கும், அதன் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து வெடித்திருக்கும். புதிதைப் போட்டுப் பூட்டி, தண்ணீர் நிரப்பின பெரிய பீப்பாவுக்குள் இஞ்சினை இறக்கிக் கயிற்றை இழுத்தால் முதலில் புகை, இருமல், அப்புறம் அந்தத் துளையால் விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் பாயும். படகுக்காரர் அதற்குக் கீழே கையைப் பிடித்துப் பார்ப்பார். எல்லாரும் பிடிப்பார்கள், நானும் ஒவ்வொரு தரமும் பிடிப்பேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த இடத்தில் காசு கை மாறும். சிலர் "அண்ணை, மீன் பட்டால் பிறகு தாறன்" என்பார்கள், மாமா கொப்பியில் எழுதிக்கொள்வார். ஆனால் தண்ணீர் பாய்ந்ததற்கும் அந்தக் காசுக்கும் நடுவில் வேறு ஒன்றும் இல்லை. மாமா காசுக்காகத்தான் கடை வைத்திருக்கிறார். அந்தக் காசு வேலைக்குப் பதில் சொல்லுகிறது, என் சம்பளம் சொல்லுவதில்லை. நான் பார்த்தவரைக்கும் சந்தோசம் என்பது காசுக்கு எதிர்ப்பக்கத்தில் எங்கேயோ தனியாக உட்கார்ந்திருக்கிற சாமான் இல்லை, செய்ததற்கும் வந்ததற்கும் தொடுப்பு இருக்கிற இடத்தில் அதுவும் கூட வருகிறது.

கரைவலையைப் பாருங்கள். சல்லியிலோ நிலாவெளியிலோ வலை இழுக்கிற நேரம் போய் நின்றால் தெரியும். அங்கே நாட்கூலி இல்லை, பங்கு. செலவு போக மிச்சத்தில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு அவருடைய பங்கு, மற்றது இழுத்தவர்களுக்கு. தூரத்தில் கயிறு மட்டும் வருகிறவரை ஆட்கள் பகிடியும் புகையிலையுமாகச் சோம்பலாகத்தான் இழுப்பார்கள். மீன் சேருகிற வலையின் மடி கரையை நெருங்க நெருங்க ஒரு மாற்றம் வரும், கிழவர்கள்கூடத் தண்ணீருக்குள் ஓடுவார்கள், யாரும் யாரையும் ஏவத் தேவையில்லை. அது ஆசையா, மீன் பார்க்கிற குதூகலமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முன்பு எல்லாரும் ஒன்றாக இழுக்க அம்பா என்ற பாட்டுப் பாடுவார்கள், பிறகு பல இடங்களில் உழவு மெசினில் விஞ்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். மெசினுக்கு எதற்குப் பாட்டு. அதே ஆட்கள் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், முகத்தில் என் கந்தோர் களை.

இந்த இடத்தில் படித்தவர்கள் யாராவது 1973ஆம் ஆண்டு ஆராய்ச்சியைக் கொண்டுவருவார்கள், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் பாலர் பள்ளியில் படம் கீற விருப்பமான பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் "கீறினால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள், இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கீறி முடித்த பிறகு கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் முன்கூட்டியே பேரம் பேசப்பட்ட பிள்ளைகள்தான் தாங்களாகக் கீறுவதைக் குறைத்திருந்தார்கள். ஆகவே காசு சந்தோசத்தைக் கெடுக்கும் என்று முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அதில் உறைத்தது வேறு: சொல்லாமல் பிறகு கொடுத்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. அப்படியானால் கெடுப்பது பரிசு இல்லை, ஒப்பந்தம். மாமாவும் இஞ்சினைத் திறந்து பார்க்காமல் விலை சொல்லமாட்டார். அவர் அந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க ஒரு வாய்ப்பும் இல்லை. அதோடு பாலர் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டு வாடகையும் இல்லை, அதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொரு விசயம், இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. "சந்தோசத்துக்காக வேலை செய்" என்று அதிகம் சொல்வது யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள். எங்கள் பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியைகள் மாதம் முழுக்கச் சில ஆயிரம் ரூபாய்க்கு மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுப் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் வருகிற பதில், "டீச்சருக்குப் பிள்ளைகள் எண்டால் உயிர்தானே." உயிர்தான். அதனால்தான் குறைத்துக் கொடுக்க முடிகிறது. விருப்பத்தோடு வேலை செய்பவரைக் கண்டால் காசைக் குறைப்பது என்பது எங்கள் நாட்டு வழக்கமாகிவிட்டது, பிறகு அந்த விருப்பமும் எத்தனை நாளைக்கு நிற்கும்?

மாமாவுக்கே அது நின்றுபோக இருந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே தாவலாக ஏறியது, அதற்கு முன்பே தட்டுப்பாட்டில் படகுகள் கரையில்தான் கிடந்தன. கடையில் ஈ ஓட்டுகிற நாட்கள். அந்த நேரத்தில் மூலையில் கிடந்த, இனி யாரும் வாங்காத ஒரு பழைய இஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு துண்டாகத் துடைத்து மறுபடியும் பூட்டினார். பார்த்தாயா, காசு வராமலும் வேலை செய்கிறாரே, உண்மையான ரசனை இதுதான் என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்துபோய்ச் சொல்லவும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சும்மா இருந்தால் விசர் பிடிக்கும், அதுக்குத்தான்" என்றார். பூட்டி முடித்த இஞ்சினை ஒரு தரமும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் இல்லை, எண்ணெய் வீண் என்று.

அப்படியென்றால் கந்தோரை விட்டுவிட்டுக் கடைக்குப் போகவேண்டியதுதானே என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். அரச ஊழியர் சம்பளமில்லாமல் ஐந்து வருடம் வரை லீவு எடுக்கலாம், ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்று 2022இல் வந்த சுற்றறிக்கையை வைத்து நானும் யோசித்தேன். வீட்டுக் கடனுக்கு வங்கி என் சம்பளத்தைத்தான் பார்த்தது, மாமாவின் கொப்பியை அல்ல. வாடைக் காற்றுக் காலத்தில் கடலில் படகு இறங்காது, திருத்த வேலை வரும், ஆனால் காசு வருவது சித்திரை தாண்டித்தான். மாமாவிடம் கேட்டதற்கு அவர் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "நீ சனிக்கிழமை மட்டும் வாறாய், அதுதான் உனக்கு இது ருசி. திங்கட்கிழமையும் இங்கதான் எண்டால் கொப்பியில கிடக்கிற கடனை வாங்க நீதான் வீடு வீடாப் போகவேணும், போவியோ?" நான் இன்னும் பதில் சொல்லவில்லை. லீவு விண்ணப்பம் எழுதி லாச்சிக்குள் கிடக்கிறது.