ஒருவருக்காக ஒருவர்

அன்புள்ள அண்ணன், ஸ்தோத்திரம்.

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அத்தைக்கு 81 வயது, மூன்று வருடமாக மறதி நோய். காலையில் கண் விழித்ததிலிருந்து "இன்னிக்குக் கோயில் உண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "இல்லத்தே, இன்னிக்குச் செவ்வாய்" என்பேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் அதே கேள்வி. போன வாரம் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்துக் கத்திவிட்டேன். அத்தை பயந்துபோய், "நான் ஏதும் தப்பா கேட்டுட்டேனாம்மா?" என்றார்கள். அந்த ஞாயிறு சபை ஐயர் பிரசங்கத்துக்கு எடுத்த வசனம், "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது." எனக்குக் கோயிலில் உட்காரவே முடியவில்லை. சென்னையில் இருக்கிற நாத்தனார்கள் போனில், "பொறுமையா பார்த்துக்கோ, கர்த்தர் பலன் தருவார்" என்கிறார்கள். எனக்குள் அன்பே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

அத்தை உங்களிடம் கேட்ட அந்த இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை.

முதலில் கோபத்தைப் பற்றி. "மூக்குக்கு மேல் கோபம்" என்கிறோம். எபிரெயரும் கோபத்தை மூக்கில்தான் வைத்தார்கள். இரண்டுக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல். யாத்திராகமம் 34-இல் தேவனை "நீடிய சாந்தம்" உள்ளவர் என்று நாம் வாசிக்கிற இடத்தில், மூலத்தில் சொல்லுக்குச் சொல் இருப்பது "நீண்ட மூக்கு". கோபம் வந்து சேர நெடுநேரம் பிடிக்கும் என்று பொருள். உங்கள் ஐயர் எடுத்த வசனத்தில், 1 கொரிந்தியர் 13-இல், பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொல்லும் நீளத்தையும் சினத்தையும் சேர்த்துக் கட்டியதுதான். நீங்கள் மூன்று வருடம் பதில் சொல்லிவிட்டு ஒருநாள் கத்தியிருக்கிறீர்கள். அந்த மூன்று வருடத்தை யார் கணக்கில் வைப்பது?

அதே அதிகாரம் அன்பு "சினமடையாது" என்றும் சொல்கிறதே என்பீர்கள். சரி, சொல்கிறது. அந்தச் சொல்லின் வேரிலிருந்து வந்த வார்த்தையைத்தான் அப்போஸ்தலர் 15-இல் லூக்கா பவுலுக்கும் பர்னபாவுக்கும் போடுகிறார். பாதி வழியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிப்போகலாமா என்ற பேச்சில் இருவருக்கும் கடுங்கோபம் மூண்டு, ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோனார்கள். கொரிந்துவுக்கு எழுத உட்காரும்போது அது நடந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பின்னால் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில், மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று வருகிறது. நீங்கள் கத்தியது உண்மை. மறுநாள் காலையில் அத்தைக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்திருப்பீர்கள், அதுவும் உண்மை.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. இந்த 13-ஆம் அதிகாரத்தைக் கல்யாணங்களில் வாசித்து வாசித்து, அது எதற்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டோம். இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். கொரிந்து இரண்டு துறைமுகங்களை வைத்துப் பணம் புழங்கிய ஊர். சபையில் வசதியானவர்களும் உண்டு, அடிமைகளும் உண்டு. கர்த்தருடைய பந்திக்குக் கூடும்போது சிலர் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான். வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகளுக்கு மிஞ்சவில்லை என்று பலரும் இதை விளக்குவார்கள். பவுல் சொன்ன வழி ஒரே வரி: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

எனக்கு இது எங்கள் ஊர் அசனத்தில்தான் விளங்கியது. எட்டு வயதிருக்கும். கோயில் வளாகத்தில் பந்தி, வாழை இலை, வாளியில் சாம்பார். என் வரிசையில் பக்கவாதம் வந்த ஒரு தாத்தா இடது கையால் சோற்றைக் கூட்டிக் கூட்டி எடுக்கிறார். பாதி இலையிலேயே விழுகிறது. மற்ற எல்லாரும் முடித்தாயிற்று. அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பா கரண்டியை அசைத்து "இரு" என்றார். விரலில் பருக்கை காய்ந்து இழுத்தது. ஐம்பது பேர் அப்படியே கை காய உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா தாத்தாவிடம் குனிந்து, "ரசம் விடட்டுமா?" என்று கேட்டார், அன்றைக்கு முதல் இலைக்குக் கேட்ட அதே குரலில்.

காத்திருந்தது ஐம்பது பேர், சகோதரி. பின்னால் நின்றவர்களையும் சேர்த்தால் நூறு. நீடிய சாந்தத்தைப் பவுல் ஒரு சபைக்கு எழுதினார். அதைத் தூக்கி ஒரு மருமகள் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் போனில் ஆறுதல் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. (அடிக்கிற புருஷனைச் சகித்துக்கொள் என்று பெண்களுக்கு இந்த வசனத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது என்பதும் அதே அதிகாரம்தான்.)

அதனால் கேளுங்கள். மாதத்தில் ஒரு வாரம் நாத்தனார்களில் ஒருவர் வந்து இருக்கட்டும். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மதியம் இரண்டு பேர் வந்து அத்தையோடு உட்கார்ந்தால் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். ஐயரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

அப்புறம், அத்தையின் கேள்வி. இந்த நோயில் இப்போது சொன்னது மனதில் தங்குவதில்லை. உங்களுக்கு எத்தனையாவது தடவையோ, அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவை. கிழமையைச் சொல்லித் திருத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போகிற ஆசைதான் அப்படிக் கேள்வியாக வருகிறது. "கோயிலுக்கு எந்தச் சேலை கட்டுவீங்கத்தே?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்துவிடுங்கள். பேர் மறந்தவர்களுக்கும் பாட்டு வருவதுண்டு.

நாத்தனார்களிடம் நேரே கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலையே அனுப்பிவையுங்கள். அத்தைக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.